வண்டி நெற்றியில் என் பேர்

கடலூர் ஓ.டி.,
12-8-66, வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி தட்சிணாமூர்த்திக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன். உன் அக்கா பட்டம்மாளுக்கு ஏழாம் மாசம் தொடங்கி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து இங்கே வந்திருக்கிறாள், அவளும் சுகம். உன் சுகத்துக்குப் பதில் போடு என்று எழுதுவது வழக்கம். இந்தத் தடவை எழுதவில்லை, ஏனென்றால் நீ சுகம் என்று எழுதினாலும் நான் நம்பப் போவதில்லை. ஊரில் அரிசி கிடைப்பது பெரும்பாடாக இருக்கிறது, இட்லியைச் சிறுசாக ஊற்றுகிறேன், டிரைவர்கள் கேலி பேசுகிறார்கள், இருந்தாலும் கடை நடக்கிறது. இதை ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய போட்டோவைப் பற்றி முதலில் சொல்கிறேன். பெஜவாடாவில் லாரிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாய், வண்டி நெற்றியில் லோகநாயகி என்று என் பேரைப் பெரிசாக எழுதியிருக்கிறது. முதலாளி ராஜாமணி வண்டியை உன் பேரிலேயே எழுதிவிட்டார் என்றும், இனி நீ டிரைவர் இல்லை, ஓனர் என்றும் போட்டோவின் பின்னால் எழுதி அனுப்பினாய். அதைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா. சட்டம் போட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டினேன். வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினேன். மணிலாக்கொட்டை ஏற்ற வந்த இரண்டு லாரி ஆட்களுக்குக் காசு வாங்காமல் சோறு போட்டேன். அந்தப் புத்திகெட்டதனத்துக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம் ஆகாத பயலுக்கு எவனாவது லாரியைத் தூக்கிக் கொடுப்பானா என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. நீ ஆண்பிள்ளை, ஊர் சுற்றுகிறவன், உனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா.

உன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மாசச் சம்பளம் நூற்றிருபதை வாங்குவதில்லை, முதலாளியிடமே விட்டுவிடுகிறேன், வண்டி விலையில் கழிந்துகொண்டே வரும், படிக்காசில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். தெலுங்கில் மூன்று தாள் கொடுத்தார், நிரப்பாத தாள், கையெழுத்துப் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். தெலுங்கில் உனக்கு ஓர் எழுத்துத் தெரியுமா. இப்போது இரண்டு டயர் போட வேண்டும், இனி வண்டி நம்முடையது என்பதால் செலவும் நம்முடையது, உனக்கு இந்த மாசம் சீட்டு விழுந்திருக்குமே, அறுநூறு ரூபாயை உடனே மணியார்டர் செய் என்றும் எழுதியிருக்கிறாய். இதையெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு பெருமை வேறு. பிரேக்கு யார் காலுக்கும் கேட்காது, எனக்கு மட்டும் மூன்று மிதியில் நிற்கும், வண்டி என்னிடம் பழகிவிட்டது என்று. மாடா அது பழகுவதற்கு.

போன மாசக் கடைசியில் கடலைக் கிடங்கில் கூலிக்கு வரும் ஒரு பெண் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேர் மலர்க்கொடி, கம்மாபுரத்துக்காரி. தலையை நிமிர்த்தியவள் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். எழுந்து வந்து நம்பரை ஒவ்வொன்றாகப் படித்தாள். யக்கா, இது எங்க வண்டியாச்சே, இதுல எப்புடி ஒங்க பேரு வந்துச்சி, அந்த எடத்துல என் பேருதான இருந்துச்சி என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில், என் பிள்ளை முன்னுக்கு வருவது உன் கண்ணை உறுத்துகிறதா என்று கேட்டு, இரண்டாம் தரம் குழம்புகூட ஊற்றாமல் அனுப்பிவிட்டேன். அவள் காசை எண்ணி வைத்துவிட்டுப் போனாள். அந்தக் காசுதான் என்னைத் தூங்க விடவில்லை. போன வெள்ளிக்கிழமை கடையைப் பட்டம்மாளிடம் விட்டுவிட்டு, வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறிக் கம்மாபுரம் போனேன்.

அவள் புருஷன் ஆண்டி. உனக்கு முன்னால் அதே லாரியின் ஓனர். கேட்டுக்கொள், ஓனர். அவனுக்கும் ராஜாமணி இப்படித்தான் வண்டி நெற்றியில் பெண்டாட்டி பேரை எழுதிக் கொடுத்தான். அவனும் பதினொரு மாசச் சம்பளத்தை விட்டு வைத்தான். அவனும் இரண்டு டயர் போட்டான், நிலத்தை விற்று. ஓங்கோலுக்கு இந்தப் பக்கம் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்திருக்கிறது, பிரேக்கு பிடிக்கவில்லை, மாட்டுவண்டிக்காரன் அந்த இடத்திலேயே செத்துப் போனான். ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது ஆண்டி பேர். கோர்ட்டில் ராஜாமணி வந்து நின்று, எனக்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தம் இல்லை, ஓனரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். லைசென்ஸ் போயிற்று, நாலு மாசம் ஜெயில், செத்தவன் குடும்பத்துக்குக் கட்ட வேண்டியதற்கு வீடு போயிற்று. வெளியே வந்து ஷெட்டுக்குப் போனால், நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாயே, வண்டியை எனக்கே திருப்பி விற்றுவிட்டாயே என்று ராஜாமணி ஒரு தாளைக் காட்டியிருக்கிறான். நிரப்பாமல் வாங்கிய தாள்தான், பின்னால் நிரப்பிக்கொண்டான். நீ போட்டுக் கொடுத்த மூன்று தாளும் எதற்கு என்று இப்போதாவது புரிகிறதா.

உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். மூன்று மிதியில் நிற்கும் என்ற வரி வந்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். இன்னும் அத செய்யவே இல்லியாம்மா அவுரு, அன்னிக்கும் மூணு மிதிதான், மூணாவது மிதிக்குள்ள ஆளு மேல ஏறிடுச்சி என்றான். ஒரு மனிதனைக் கொன்ற வண்டிக்கு ராஜாமணி பெயிண்டு அடித்தான், பேரை மாற்றினான், பிரேக்குக்கு ஐம்பது ரூபாய் செலவழிக்கவில்லை. அதன் நெற்றியில் என் பேர். நீ பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்புகிறாய்.

உனக்குப் பணம் என்றால் என்னவென்று நான் சொல்லித் தரவில்லை, அது என் தப்புதான். இப்போது கேள். சம்பளம் கைக்கு வந்தால்தான் சம்பளம், முதலாளி பெட்டியில் இருப்பது அவன் பணம். படிக்காசு வழியில் தின்பதற்கு, அதைச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டு திரியாதே. டயரும் டீசலும் செக்போஸ்ட்டில் கொடுக்கிற மாமூலும் முதலாளி பாடு, ஓட்டுகிறவன் பாடு இல்லை. முன்பணம் கொடுத்துக் கூப்பிடுகிறவனிடம் போகாதே. லைசென்ஸை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கிறவனிடம் ஒரு நாள்கூட நிற்காதே. உன்னுடையதும் அவனிடம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய், பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்தாயாம். ஓ.டி. லாரிகளுக்கு இருபது வருஷமாகச் சோறு போடுகிறேன், எந்த முதலாளி எப்படி என்பது அவன் டிரைவர் சாப்பிட உட்காரும்போதே தெரிந்துவிடும். நல்ல முதலாளியின் டிரைவர் சாப்பிட்டுவிட்டுக் காசை எண்ணி வைப்பான். மற்றவனுடைய டிரைவர், கணக்குல எழிதிக்கக்கா, மொதலாளி குடுப்பாரு என்பான். எத்தனை தடவை நீயே அதைக் கேட்டிருக்கிறாய், இலை எடுத்துக்கொண்டே. காது எங்கே இருந்தது உனக்கு.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய் உன் பழைய முதலாளி ஹிதாயத்துல்லா பாயைப் பார்த்தேன். நீ பங்குனி மாசம் யாரிடமும் சொல்லாமல், காடாம்புலியூரில் முந்திரி மூட்டை ஏற்றி நின்ற வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாயே, அவரை. ஒரு மணி நேரம் வெளியே நிற்க வைத்தார். அவரை எனக்குப் பிடிக்காது, உனக்கும் தெரியும். டிரைவர் குடித்த டீக்குக் கணக்குக் கேட்கிற மனிதர், தீபாவளிக்கு ஒரு வேட்டி கொடுப்பதற்குள் உயிர் போய்விடும். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நெய்வேலிக் கரிக்கும் ஓட்டிக்கொண்டு கிடந்தால் எப்போது முன்னுக்கு வருவது என்று நீ கேட்டதும் நினைவிருக்கிறது. ஆனால் ஒன்றாம் தேதி காலையில் சம்பளம் கையில். லைசென்ஸ் டிரைவர் பையில். பிரேக்கு சரியில்லை என்று சொன்னால், அப்ப எடுக்காத, ஒக்காரு, கூலிய புடிக்கமாட்டேன் என்பார், முகத்தை மட்டும் சுளிப்பார். உன்னைப் பற்றிக் கேட்டேன். வந்தா வரட்டும், வேணாங்கல, சொல்லாம கொள்ளாம போனதுக்கு மாசம் பத்து ரூபா கொறைச்சிதான் குடுப்பேன், ஆவணி பத்தாம் தேதிக்கு மேல எடம் இருக்காது என்றார். உன் பொருட்டு அந்த மனிதர் முன்னால் கை கூப்பிக்கொண்டு நின்றேன். உன் அப்பா செத்த வருஷம்கூட நான் யார் முன்னாலும் அப்படி நின்றதில்லை. பத்து ரூபாய் குறைச்சல் என்று நீ முனகினால் என் எதிரில் முனகாதே.

அறுநூறு ரூபாய் வராது. அதில் ஒரு ரூபாய்கூட வராது. பட்டம்மாள் பிரசவத்துக்கு எடுத்து வைத்துவிட்டேன். மலர்க்கொடியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன், இனி அவள் கடையில் காசு கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், ஆனாலும் கொடுத்துவிட்டுத்தான் போகிறாள். போட்டோவை எடுத்துவிட்டேன்.

இப்போது மனசில் அடைத்துக்கொண்டிருப்பதை எழுதுகிறேன். திங்கட்கிழமை ஷெட்டு விலாசத்துக்கு உனக்குத் தந்தி கொடுத்தேன். அம்மா ஆபத்தான நிலை, உடனே புறப்படு என்று. எழுதிக் கொடுத்த தபாலாபீஸ் குமாஸ்தா, பாவம், எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான்தான் அந்த அம்மா என்று சொல்லவில்லை. உன்னை அந்த வண்டியிலிருந்து இறக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. தந்தி அன்றைக்கே சேர்ந்துவிடும், ராத்திரி ரயில் பிடித்தால் புதன்கிழமை வந்துவிடலாம் என்றார்கள். புதன், வியாழன், இன்றைக்கும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தேன். நீ வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை ஷெட்டுக்கு அனுப்பாமல் நீ சாப்பிடும் சுப்பிரமணியன் மெஸ்ஸுக்கு அனுப்புகிறேன்.

நீ இதைப் படிக்கிறாய் என்றால், அம்மா சாகக் கிடக்கிறாள் என்று தந்தி போயும் நீ புறப்படவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு கல்கத்தா ரோட்டில் போயிருந்தாய் என்றால், திரும்பி வந்து உயிரோடு இதைப் படிக்கிறாய், அது போதும், அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம். தந்தி கையில் கிடைத்தும், நம் வண்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய் என்றால், உன்னைப் பெற்றதற்கு நான் உண்மையாகவே செத்துப் போயிருக்கலாம். அப்படியில்லாமல் ராஜாமணி அதை வாங்கி மேசைக்குள் போட்டுவிட்டு உன்னை வண்டி எடுக்கச் சொன்னான் என்றால், போய் அந்த மேசையைத் திறந்து பார், உன் முதலாளி யார் என்று இனி நான் எழுத வேண்டியதில்லை. இந்த மூன்றில் எது என்று எனக்குக் கடிதம் எழுதாதே. வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்.

நீ நல்லபடியாக ஊர் வந்து சேர வேண்டும் என்று பாடலீசுவரருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதத்தில் குறை வைக்கவில்லை. இதைப் படித்த பிறகு அந்த வண்டியில் ஏறாதே, ஷெட்டிலிருந்து தெருவுக்கு எடுத்து விடுவதற்குக்கூட ஏறாதே. லைசென்ஸ் புத்தகத்தைக் கேள், தரவில்லையென்றால் விட்டுவிட்டு வா.

இப்படிக்கு,
உடம்புக்கு ஒன்றும் இல்லாத உன் அம்மா,
லோகநாயகி.