காதுகுத்தில் உன் எட்டுப் புல்லாங்குழல்

விளாங்குடி, மதுரை
10.6.2003

அன்புள்ள செல்விக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடிகிறது, போனில் எதைக் கேட்டாலும் சரி சரி என்கிறாய். ஹாலந்தில் வெயில் வந்துவிட்டதா? இங்கே காளவாசலில் பஸ்ஸுக்கு நின்றால் தலை கொதிக்கிறது.

நீ இசையமைத்த சிடி வந்து ஒரு மாதமாகிறது. கேட்டதும் என்ன தோன்றியது, மறைக்காமல் எழுது என்று கேட்டிருந்தாய். நான் பதில் போடாததற்கு, போனில் சொன்னபடி கல்லூரித் தேர்வுத்தாள் திருத்தும் வேலை காரணமில்லை. நான்கு முறை கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது இசை நம் பெண்கள் போடும் குலவையிலிருந்து பிறந்தது என்று உள்ளே இருந்த சிறு புத்தகத்தில் எழுதியிருந்தாய். எட்டுப் புல்லாங்குழலில் குலவையா, இதெல்லாம் வேலை முடிந்தபின் தேடிச் சேர்க்கிற காரணம் என்று நினைத்தேன். இன்ஜினியரிங்கை விட்டுப் போனது இதற்குத்தானா என்றும் நினைத்தேன். அதை எழுத மனம் வரவில்லை, பொய் எழுதவும் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூரில் ஒச்சாயி அத்தை பேரனுக்குக் காதுகுத்து. அப்பா எனக்குத் தெரியாமல் சிடியை மஞ்சள் பையில் கொண்டுவந்து மைக்செட் வெள்ளைத்துரையிடம், "எம் மக போட்டதுடா, ரெண்டாவதை வையி" என்று கொடுத்துவிட்டார். நீயோ முதல் மூன்று நிமிடம் செல்லோ என்கிற அந்தப் பெரிய வயலினை முணுமுணுக்க விட்டிருக்கிறாய். "என்னண்ணே, சிடி ஊமையாவுல்ல இருக்கு" என்று அவன் ஒயரைப் பிடுங்கி மாட்டினான், ஆம்ப்ளிஃபயரைத் தட்டினான், கடைசியில் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஆசாரி ஊசியை எடுக்கவும் புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் இரண்டிலும் உன் புல்லாங்குழல் எட்டும் ஒன்றாகக் கிளம்பவும் சரியாக இருந்தது. பிள்ளை அழ மறந்து வாயைத் திறந்தபடி மரத்தைப் பார்த்தான், அந்த நேரம் பார்த்து ஆசாரி இரண்டு காதையும் குத்தி முடித்துவிட்டார். அத்தைக்கு வந்ததே கோபம், "எவடி அவ, நம்மளுக்கு முந்திக் குலவை போட்டவ? விடாதீகடி" என்று ஆரம்பித்தாள், பந்தலில் இருந்த நாற்பது பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். குழாய் ஓய்ந்த பிறகுதான் ஓய்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் அத்தை, "எம் மருமக போட்டதா? அப்பச் சரி, மூச்சு அம்புட்டும் போச்சு" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவர்களில் யாரும் உன் புத்தகத்தைப் படித்தவர்கள் இல்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. இருபது வருஷமாகப் புள்ளியியல் நடத்துகிறேன் செல்வி, இதைவிடச் சுத்தமான சோதனையை நான் பார்த்ததில்லை. நான் நினைத்தது தப்பு.

குளிரில் காதை மூடிக்கொள், உனக்கு இனி அதுதான் சோறு போடும். சிடியை வெள்ளைத்துரை திருப்பித் தரவில்லை, அடுத்த வாரம் ஒரு வளைகாப்புக்கு வேண்டுமாம், மறக்காமல் இன்னொன்று அனுப்பு. எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு.

நாற்பது பெண்கள் என்று எழுதினேன், நாற்பத்தொன்று. எனக்கு நாக்கு சரியாகச் சுழலவில்லை, ஆனாலும் கடைசிவரை விடவில்லை. அப்பா பார்த்துவிட்டார்.

உன் அம்மா