எங்கள் குடியின் மேல் போட்ட பழி

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று நானும், மகள் வசந்தியும், அவளுடைய மாமியார் தங்கம்மாவும் வீட்டில் இருந்தோம். நோர்வேயில் இருந்து வசந்தியின் மகள், என் பேத்தி சுதா போனில் முகம் காட்டினாள். அவளுக்குக் கொஞ்ச நாளாகக் கால் விறைத்துப்போவது, நரம்பின் உறை தேய்கிற நோயாலாம்.

"வெயில் குறைஞ்ச நாடுகளிலதான் இது கூடவாம், அம்மம்மா. பிறவியில வாறதும் கொஞ்சம் இருக்கலாமாம். எதாலயெண்டு டொக்டர்மாருக்கே நிச்சயமாத் தெரியாது."

தங்கம்மா விடுவாளா? எங்கள் ஊரில் பிள்ளைக்குக் குடி, அதாவது குலம், தாய்வழியில்தான். "பிறவியெண்டா தாய்வழிதானே? பிள்ளை உங்கட குடிதானே, மச்சாள்!"

"குடி பாக்கிறது கோயில் திருவிழாவுக்கு மட்டுந்தான். இரத்தத்தில பாதி உங்கட மகன்ட," என்றேன்.

சுதா எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நான் இனி நடப்பனா எண்டு ஒருத்தரும் கேக்கல்லியே, அம்மம்மா."

அந்தக் கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன். ஆனால் அந்தக் குடிப் பேச்சைத் தொடங்கியவளைச் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். அவள் தங்கம்மாதான்.