உயிரோடிருப்பவருக்கு ஒரு பூசை

இஞ்சாருங்கோ,

உங்கள் புத்தகம் கிடைத்தது. அட்டையில் ஐரிஷ் பிரபு கம்பீரமாக இருக்கிறார். முன்னுரையில் நீங்கள் நன்றி சொல்லியிருக்கும், இப்போது நீங்கள் கூட வாழும் கிங்ஸ்பரிப் பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

எனக்குப் பிடித்தது ஏழாம் அத்தியாயம். அதைத் தட்டச்சு செய்தவளும் நான்தானே. விக்டோரியா காலத்துப் பாராளுமன்றத்தில் தனக்கு எதிராக வாக்களித்த சொந்தத் தம்பிக்கு, அவன் உயிரோடு இருக்கும்போதே, பிரபு இறந்தவர்களுக்கான ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒப்புக்கொடுத்தார். பிறகு லண்டனில் ஒரு வீடும் அந்தத் தம்பிக்குக் கதவு திறக்கவில்லை. எவ்வளவு நாகரிகமான பழிவாங்கல் என்று மெச்சியிருக்கிறீர்கள்.

நீங்கள் ஆராய்ச்சிக்காக அயர்லாந்தில் நிற்பதாகத்தான் இவ்வளவு காலமும் கோவில் சனத்துக்குச் சொல்லிவந்தேன். போன ஞாயிறு பிளேஸ்டோக் கோவில் பூசையில் இறந்தவர்களோடு உங்கள் பெயரையும் வாசித்தார்கள். சுவாமியார் புதியவர், உங்களைத் தெரியாது. நான் வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் இருந்தேன்.

பூசை முடிந்ததும் உங்கள் தங்கை பெர்னடெற் எல்லோருக்கும் கேட்கக் கத்தினாள்.

"என்ன மச்சாள் இது? அண்ணையை நேற்றும் கண்டனான், உயிரோடதானே இருக்கிறார்."

"எங்க கண்டனீர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

சனம் முழுக்க அவளைப் பார்த்தது. அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கும் சொல்லிவிட்டேன். மதியச் சாப்பாடு கோவில் மண்டபத்தில். உங்கள் புத்தக வெளியீடும் அன்றைக்குத்தானாம். யாரும் வராவிட்டால் கவலைப்படாதீர்கள். எல்லோரும் இங்கேதான் இருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் விதவை