நெற்றியில்லாத மெஷின்

பசறை
27.10.1955

பேரன்புக்குரிய அத்தானுக்கு,

சத்தியபாமா வணக்கத்துடன் எழுதுவது. நானும் சின்னவளும் சுகமாக இருக்கிறோம். மழைதான் விட்டபாடில்லை. வெள்ளவத்தையில் அக்கா வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று தெரியும். கடற்காற்றில் இருமல் குறைந்ததா என்பதை மட்டும் எழுதுங்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் ஹாஷிம் முதலாளியிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைக்குத் துணி எடுக்க நாளை அவர் பதுளையில் ரயிலேறுகிறார். திங்கட்கிழமை நீங்கள் பேட்டன்ட் விண்ணப்பத்தைக் கொடுப்பதற்குள் இது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய விண்ணப்பப் பிரதி கிடைத்தது. அதை வாசித்த பெருமையில் அன்று அடுப்பில் கறி கரிந்துபோனது. தேயிலைத் தூளுக்குள் கிடக்கும் குச்சியையும் நாரையும் ஓர் உருளை தானாகவே இழுத்தெடுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா? கழுத்து நோகக் குனிந்திருந்து பெண்கள் பொறுக்கும் வேலையை அது சிரமமில்லாமல் செய்கிறது. உங்களைக் கல்யாணம் செய்த பிறகுதான் உலகத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு தகப்பன் உண்டு என்று தெரிந்துகொண்டேன். தையல் மெஷின், பெற்றோல்மாக்ஸ், மண்ணெண்ணெய் அடுப்பு, பேனா, எது வந்தாலும் கவிழ்த்துப் பிடித்துப் பேட்டன்ட் நம்பரைத் தேடுவீர்கள். கல்யாணத்துக்கு வந்த சுடுநீர்ப் போத்தலையும் சபையில் வைத்துக் கவிழ்த்துப் பார்த்தீர்கள். மாப்பிள்ளை விலை பார்க்கிறார் என்று என் அம்மா முகம் சுளித்தது நினைவிருக்கிறதா?

நேற்று முன்தினம் தொழிற்சாலையில் ஆயுத பூசை. விண்ணப்பம் கொடுக்கும்வரை மெஷினை வெளியார் கண்ணில் காட்டக்கூடாது, ஊரறிந்த பொருளுக்குப் பேட்டன்ட் கிடைக்காது என்று சொல்லித்தான் அறையைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனீர்கள். நம் சல்லடை அறையில் வேலை செய்யும் அழகருக்கு அது எங்கே தலையில் ஏறியது? பூசையன்று ஓட்டிக் காட்டுவதாகப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களையெல்லாம் வெற்றிலை வைத்து அழைத்துவிட்டான். அந்த நாளில் பூட்டிக் கிடக்கும் ஆயுதம் வருசம் முழுக்க இடக்குப் பண்ணும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவன் வாய்தான் தெரியுமே, சீமையிலேயே இப்படியொரு மெஷின் இல்லை என்று அளந்திருக்கிறான். வந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் என் கூறைச் சேலையை எடுத்துவந்து மெஷினை முழுக்க மூடிவிட்டுக் கதவைத் திறந்தேன். வாசலில் நின்றே தீபம் காட்டிக் கும்பிட்டுப் போகச் சொன்னேன். மணப்பெண் முக்காடு போட்டு நின்ற மாதிரி இருந்ததா, எல்லோரும் சிரித்தபடியே கும்பிட்டுப் போனார்கள். உங்கள் ரகசியத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. கூறையில்தான் எண்ணெய்க் கறை. அதற்கு ஈடாக வேறு சேலை வாங்கி வர வேண்டும் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ஆட்கள் போன பிறகு அழகர் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்து சேலையை விலக்கினான். இங்கே மெஷினுக்குப் பொட்டு எங்கே வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். செய்தவர் பெயரும் பேட்டன்ட் நம்பரும் பொறித்த பித்தளைத் தகடு இருக்கிறதே, அதுதான் அதற்கு நெற்றி. முகம் தெரியாத வெள்ளைக்காரர் பெயர்களுக்கு வருசா வருசம் சந்தனம் வைத்தவன், நம் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து, இதுக்கு நெத்தி எங்கம்மா என்று கேட்டான். தகடு இனித்தான் வரும் என்றேன். அதுல யாரு பேரும்மா இருக்கும் என்றான். உடனே அவனே, ஐயா பேருதானே, படிச்சவுக பேரு இருந்தாத்தானே மதிப்பு என்று சொல்லிவிட்டு, உருளையை உரசும் கம்பளியில் பொட்டை வைத்துவிட்டுப் போனான். அதுவரை அவனுக்கு அது ‘நம்ம மெஷின்’. அன்றிலிருந்து ‘ஐயா மெஷின்’ என்கிறான். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

விண்ணப்பத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். உருளை, பட்டி, மோட்டார், அவற்றைப் பொருத்திய விதம், அத்தனையும் உங்கள் மூளை. அதில் யாருக்கும் பங்கில்லை. ஆனால், வேலை நேரத்தில் புதுப் பிளாஸ்டிக் சீப்பால் கிராப்புச் சீவிக்கொண்டு நின்ற அழகரை நீங்கள் ஏசப் போன நாளை மறந்துவிட்டீர்களா? அவன் அந்தச் சீப்பைத் தூளுக்கு மேலே பிடித்து, குச்சி மட்டும் தாவுது பாருங்கய்யா என்று காட்டினான். ‘ஏசப் போன நான் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டேன்’ என்று நீங்கள்தானே வந்து சொன்னீர்கள். அந்தச் சீப்பைப் போல உருளையும் குச்சியை இழுக்க, அதை உரசப் பட்டும் வெல்வெட்டும் வைத்துப் பார்த்துத் தோற்றபோது, மழைக்குப் போர்த்தும் தன் கம்பளியைக் கிழித்துக் கொடுத்தவனும் அவன்தான். அந்த மழைக்காலம் முழுக்கச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான். விண்ணப்பத்தில் முதற் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது.

நீங்கள் வஞ்சகம் நினைக்கிறவர் இல்லை. பிரஜாவுரிமை மனு தள்ளுபடியான ஆளைச் சேர்த்தால் வீண் சிக்கல் என்று வக்கீல் சொல்லியிருப்பார், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள். எந்த நாட்டவரும் பேட்டன்ட் கேட்கலாம் என்று சட்டப் புத்தகத்தை எனக்கு வாசித்துக் காட்டியவர் நீங்கள்தான். எந்த நாடும் தன் ஆள் என்று ஏற்காதவன் கேட்கக்கூடாது என்று அதில் எங்காவது எழுதியிருக்கிறதா? உங்கள் கெட்டித்தனத்தைப் பார்த்து நான் மலைத்துப்போகாத நாளில்லை, அத்தான். சின்னவள் வளர்ந்து அந்தத் தகட்டை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போதும் அதே பெருமையோடு நான் பக்கத்தில் நிற்க வேண்டும்.

இன்று காலை அவனைக் கூப்பிட்டுத் தகப்பன் பெயரும் பிறந்த இடமும் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. மனுப் போட்டப்பவும் இதத்தாம்மா கேட்டாக, சொன்னேன், நம்பலையே என்று சிரித்தான்.

நான் நம்புகிறேன். கதிர்காமக் கந்தன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த பெயரையும் தரட்டும். வக்கீலிடம் சொல்ல வசதியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஓரெழுத்தும் விடாமல் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

பெரியகருப்பன் மகன் அழகர். பிறந்தது இதே தோட்டம், மேட்டு லயம்.

என்றும் உங்கள்,
பாமா