வேண்டுதல் மரத்தில் தொங்கிய டப்பா

மதியம் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியைத் திறந்தாள் என் மனைவி. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊறுகாயப் பாத்து சிரிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள். உன்னை நினைத்துத்தான் சிரிக்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். காலையில் நடந்ததை வீட்டுக்குள் நுழையும்போதே அவளிடம் கொட்டிவிட்டேன். உன்னிடம் சொல்வதுதான் பாக்கி. சாப்பிட்ட கை ஈரம் காய்வதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன், மச்சான். நல்ல செய்திதான். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

பரங்கிப்பேட்டையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாம். நீ ஏசி மெக்கானிக்காக ஷார்ஜாவுக்குப் போனாய். நான் அண்ணாமலை நகரில் ஆய்வக உதவியாளனாக ஒட்டிக்கொண்டேன். நீ ஊரோடு வந்து சேர்ந்தபோது எல்லாரும் சென்ட் பாட்டிலையும் டார்ச் லைட்டையும் எதிர்பார்த்தார்கள். நீ கொண்டுவந்ததோ ஒரு பைத்தியம். புவனகிரி டீக்கடையில் வைத்து அதை எனக்கு விளக்கினாய்.

"ஜியோகேச்சிங்னு பேரு மச்சான். ஒலகம் பூரா டப்பா ஒளிச்சு வச்சிருக்காங்க. எடம் ஃபோன்ல காட்டும். தேடிப் போய் எடுத்து, உள்ள இருக்குற தாள்ல பேர் எழுதிட்டு, இருந்த மாதிரியே திரும்ப வச்சிட்டு வந்துடணும்."

"எடுத்தா என்ன கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காது."

"அப்ப எதுக்குடா பெட்ரோல் ஊத்திக்கிட்டுப் போவணும்?"

நீ ஃபோனில் வரைபடத்தை விரித்துக் காட்டினாய். நம் பக்கத்தில் ஒரு டப்பாவும் இல்லை, சிதம்பரத்தைச் சுற்றிப் படம் வெறிச்சோடிக் கிடக்கிறது என்று மட்டும் வருத்தப்பட்டாய். நம் ஊரைத் தேடி எவனாவது வர வேண்டும், அதற்கு ஒரு டப்பாவாவது வைத்துவிட வேண்டும். உனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

முதல் டப்பாவை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். உன் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய் டப்பாவைக் கழுவி, கடலூர் சில்வர் பீச்சைத் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில் வேரடியில் சொருகிவிட்டு வந்தாய். மறு வாரம் போய்ப் பார்த்தால் மூடி ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம், நடுவில் இரண்டு நாய்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இணையத்தில் இந்த ஆட்டக்காரர்களின் குழுவில் போய் அழுதாய். அங்கே இருந்த பழம் தின்று கொட்டை போட்டவர்கள் உன்னைப் பிடிபிடி என்று பிடித்தார்கள். சாப்பாட்டுப் பொருள் இருந்த டப்பாவை எத்தனை தடவை கழுவினாலும் வாசனை போகாது, நமக்குத் தெரியாவிட்டாலும் நாய்க்குத் தெரியும் என்றார்கள். அத்தோடு விட்டார்களா? மண்ணைத் தோண்டாதே, நிலத்துக்காரரிடம் கேட்காமல் வைக்காதே, அடிக்கடி போய்ப் பார்க்க முடியாத தூரத்தில் வைக்காதே என்று புத்திமதி வந்துகொண்டே இருந்தது. திட்டு வாங்கிய முகமே இல்லை உனக்கு. வேலையில் சேர்த்துக்கொண்டார்கள் என்பதைப் போல ஒவ்வொன்றையும் எனக்குப் படித்துக் காட்டினாய்.

யோசனை சொல்வதில் நானும் குறை வைக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் வைக்கலாமே என்றேன். "மூடுன டப்பாவ அங்க ஒளிச்சா தேடி வர்றது போலீஸ்தான் மச்சான்" என்றாய். சிதம்பரம் கோயில் மதிலோரம் என்றேன். "ஜனம் கும்புடுற எடத்துல நாம வெளையாடக் கூடாது" என்று ஒரே பேச்சில் முடித்தாய். கடைசியில் புவனகிரிக்கு வெளியே, வெள்ளாற்றங்கரையில் ஒரு புங்கமரம் உனக்குப் பிடித்துப்போனது. ஆற்றோரப் புறம்போக்கு, கோயில் குளம் ஒன்றும் பக்கத்தில் இல்லை, எதிரே தனலட்சுமி அக்காவின் டீக்கடை மட்டும்தான். தண்ணீர் ஏறினாலும் போகக் கூடாது என்று புது டப்பாவை ஒரு பழுப்புத் துணியில் பொதிந்து, இரண்டு முனையையும் முடிந்து, கிளையில் கட்டித் தொங்கவிட்டாய். தள்ளி நின்று பார்த்து, "காஞ்ச எலை மாதிரியே இல்ல?" என்று கேட்டாய். ஆமாம் என்று நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒருத்தனுக்காவது உறைத்ததா?

மறு மாதம் போனபோது கிளையில் உன் மூட்டைக்குப் பக்கத்தில் இன்னும் நாலைந்து மூட்டைகள் தொங்கின. மஞ்சள் துணி, சிவப்புத் துணி, ஒன்றில் வளையல். பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய தொட்டில்கள். உன் பழுப்புத் துணியின் மேலேயே யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். நாம் கிளைக்குக் கிட்டே போனதும் எதிர்க் கடையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அந்தக் கெளையத் தொடாதீங்க தம்பி. அது வேண்டுதல் மரம்."

"எப்பத்திலேர்ந்து அக்கா?" என்றேன்.

"அது ரொம்பக் காலமா இருக்கு."

கோயிலை விட்டு விலகி விலகிப் போனாய். கோயில் உன் டப்பாவைத் தேடி வந்துவிட்டது. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டேன். உன் முகம் மட்டும் சுண்டிப் போயிருந்தது. "இன்னொருத்தவங்க வேண்டுதலு அது மேல ஒக்காந்துடுச்சு. நான் எப்புடி மச்சான் அவுப்பேன்?" என்றாய்.

சத்தம் போடாமல் கழற்றிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நான் சொன்னேன். நீ நேரே கடைக்குள் போய், பெஞ்சில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாய். உன் பெயர் என்ன, உன் ஜமாத் எது, டப்பாவில் என்ன இருக்கிறது, எல்லாம். ஒரு வார்த்தை தப்பாகப் போனால் என்ன ஆகும் என்று வண்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா கேட்டு முடித்தார். பால் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார் பார், கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க சின்ன மருமவளும் அதுல ஒண்ணு கட்டியிருக்குறா. அவகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க."

துணி அங்கேயே இருக்கட்டும், டப்பாவை மட்டும் உருவிக்கொள்ளுங்கள் என்று வழி சொன்னதும் அவர்தான். மரத்தைத் தாண்டி அவருடைய சொந்த நிலம், அதில் ஒரு மோட்டார் கொட்டகை. அங்கே வைத்துக்கொள்ளச் சொன்னார். இடம் யாருடையது, அனுமதி உண்டா என்று அந்த ஆட்டத்தின் வலைத்தளத்தில் கேட்டபோது, "நிலத்துக்காரம்மா சம்மதித்தார், டீயும் கொடுத்தார்" என்று நீ பதில் எழுதினாய். சிதம்பரத்துப் படத்தில் ஒரு பச்சைப் புள்ளி முளைத்தது. அன்றைக்குப் பிரியாணி உன் செலவு.

அப்புறம் சென்னையிலிருந்து ஒருத்தர், பெங்களூரிலிருந்து ஒரு ஜோடி என்று எப்போதாவது ஆள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஃபோன் போட்டாய். "இன்னும் கஷ்டமான எடத்துல வச்சிருக்கலாம், சுலபமா எடுத்துட்டான்" என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "கண்டுபுடிக்கிறதுக்குத்தான் மச்சான் ஒளிக்கிறோம்" என்றாய். எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு இல்லை. திட்டுவதற்குக்கூட நீ இல்லாமல் போய்விட்டாயே என்று கபர்ஸ்தான் வாசலில் நின்று அழுதேன். உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தா மாதங்களில் வெளியே வரவில்லை. அந்தக் கார்த்திகையில் வெள்ளாறு ஏறி மோட்டார் கொட்டகையை அடித்துக்கொண்டு போனது. டப்பாவும் போயிற்று. ஆறு கடலில் சேர்வது உன் பரங்கிப்பேட்டையில்தானே, ஒருவேளை உன்னைத் தேடித்தான் போனதோ என்னவோ.

இத்தா முடிந்து நான் பார்க்கப் போனபோது தங்கச்சி உன் ஃபோனை எடுத்து நீட்டினார். "அண்ணே, இதுக்கு என்னமோ வந்துக்கிட்டே இருக்கு. என்ன கேக்குறாங்க?"

தேடி வந்தவர்கள் டப்பா இல்லை என்று எழுதியிருந்தார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா, சரிசெய்வீர்களா என்று வலைத்தளம் கெடு வைத்திருந்தது.

"பாத்துக்க ஆள் இல்லன்னா?" என்றார்.

"எடுத்துடுவாங்கம்மா. படத்துல அந்தப் புள்ளியே இருக்காது. அப்புறம் திரும்ப வராது."

தங்கச்சி ஃபோனைத் திரும்பக் கையில் வாங்கிக்கொண்டார். "அவுங்க சட்டையெல்லாம் குடுத்தாச்சு. அவுங்க வச்சிருந்த ஏசி ரிப்பேர் கடையையும் விட்டாச்சு. இதையும் எடுத்துடுவாங்களா?" என்றார். அவரே தொடர்ந்தார். "ஆள் இருக்குன்னு எழுதுங்க அண்ணே. யாருன்னு கேட்டா எம்பேரப் போடுங்க."

அதன் பிறகு உன் பெண்டாட்டி என்னை உட்கார விடவில்லை. சிதம்பரம் மேல வீதியில் டப்பா வாங்கும்போது ஒவ்வொன்றையும் திறந்து மோந்து பார்த்தார், என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அக்கா மேட்டில் புதுக் கொட்டகை கட்டியிருந்தார். அதன் பின்சுவரில் ஒரு பொந்து வசதியாக இருந்தது. நான் அதைக் காட்டியதும், "பாம்பு இருக்குற எடத்துல கைய விட வக்கக் கூடாதுன்னு அவுங்க சொல்லுவாங்க" என்று தங்கச்சி மறுத்துவிட்டார். கடைசியில் சுவர் விளிம்பில், ஒரு செங்கல்லுக்குப் பின்னால் வைத்தோம். தோண்டவில்லை, ஆணி அடிக்கவில்லை. புள்ளி திரும்பவும் பச்சையானது.

ஆனால் யாரும் வரவில்லை. தை போனது, மாசி போனது. டப்பா நனைந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தோம், தாள் வெறுமையாகவே இருந்தது. "அவுங்க இருந்தப்ப வந்தாங்கல்ல" என்று தங்கச்சி ஒருநாள் கேட்டது எனக்கு நெஞ்சில் தைத்தது.

இன்றைக்குக் காலையிலும் அதற்காகத்தான் போயிருந்தோம். அக்கா கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது பாண்டிச்சேரி எண் போட்ட ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. முப்பது வயசு இருக்கும் ஒரு பெண். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் ஃபோனைப் பார்த்தபடி நிலத்துக்குள் நடந்தார். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அந்தப் பெண் கொட்டகையை இரண்டு சுற்று சுற்றினார். குனிந்தார், எட்டிப் பார்த்தார், இடுப்பில் கை வைத்து நின்றார். திரும்பி வண்டியை நோக்கி நடக்கத் தொடங்கினார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"செங்கல்லுக்குப் பின்னாலன்னு சொல்லிடவா?" என்றார் அக்கா.

"வேணாம்க்கா. அவங்களாத்தான் எடுக்கணும்" என்றார் தங்கச்சி. துப்பட்டா நுனி அவர் வாயில் இருந்தது.

பாதி வழியில் அந்தப் பெண் நின்றார். திரும்பிப் போனார். கை செங்கல்லுக்குப் போனது. அடுத்த நிமிஷம், யாரும் பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டார். பையைத் துழாவினார். சட்டைப் பையைத் தட்டினார். பிறகு எழுந்து நேராக எங்களிடமே வந்தார்.

"அண்ணா, பேனா இருக்குமா?"

"எதுக்கும்மா?" என்றேன், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

"சும்மா, ஒரு அட்ரஸ் குறிச்சுக்கணும்."

வெளியாட்களிடம் விளையாட்டைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே பொய். தேடப் போகிறவன் எழுதுகோல் இல்லாமல் போகக் கூடாது என்று நீ என் பையில் திணித்த பென்சிலை நான் இன்றுவரை எடுக்கவில்லை. அதை நீட்டினேன். "பென்சில்தாம்மா இருக்கு. ஆனா ஈரத்துல கரையாது" என்றேன். அவர் என்னை ஒரு விநாடி உற்றுப் பார்த்தார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போனார்.

பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் ஸ்கூட்டரில் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் தங்கச்சியின் பைக்குள் உன் ஃபோன் ஒலித்தது. 'கண்டுபிடித்தேன். டப்பா காய்ந்து, சுத்தமாக இருக்கிறது. யாரோ அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். வைத்தவருக்கு நன்றி.' தங்கச்சி அதை அக்காவுக்குப் படித்துக் காட்டினார், அக்கா கேட்டதால் மறுபடியும் படித்தார். அதற்கப்புறம் அக்கா ஊற்றிக் கொடுத்த டீயைப் போல எனக்கு ஒரு டீ வாழ்க்கையில் கிடைத்ததில்லை. ஜெயித்துவிட்டோம், மச்சான்.

பென்சிலைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பும்போது, புங்கமரத்தடியில் ஒரு இளம் தம்பதி புதுத் தொட்டில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிளை முழுக்க இப்போது தொட்டில்தான். நடுவில் உன் பழுப்புத் துணி வெளுத்துப்போய், இன்னும் விடாமல் தொங்குகிறது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு அந்தப் பெண் கேட்டாள்.

"இதுதான் மொதல்ல கட்டுனதாமே, பெரியப்பா. கட்டுனவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"என் மச்சான்தாம்மா."

"அவுங்க வேண்டுனது நடந்துச்சா?"

தங்கச்சியைப் பார்த்தேன். அவர் கையில் உன் ஃபோன் இன்னும் வெளிச்சமாக இருந்தது.

"நடந்துடுச்சும்மா" என்றேன். "இன்னைக்குக் காலையிலதான்."