கையால் முறுக்கினால் போதும்

16-5-2007, புதன்

காலையிலேயே வெயில் தாளவில்லை. தேவாரம் போய் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, கோம்பை வழியாக ராயப்பன்பட்டி. வண்டியில் கிளட்ச் கேபிள் இழுக்கிறது, மாற்ற வேண்டும்.

ஜெயா வாசலுக்கு வரவில்லை; தாய் வீட்டுக்குப் போனதிலிருந்து இப்படித்தான். அவள் தம்பி செல்வம்தான் துணிப்பையை நீட்டினான். "சனிக்கிழம சாயந்தரம் கொண்டாந்து விட்ருங்க." மச்சான் என்ற வார்த்தை அவன் வாயில் இப்போதெல்லாம் வருவதில்லை. வராவிட்டால் போகட்டும்.

பள்ளிக்கூட மைதானத்தில் நாலு நாள் பட்டறை. இரும்புப் பைப்பை முக்கோணம் முக்கோணமாகப் பூட்டி, கவிழ்த்த கூடை மாதிரி ஒரு கூடாரம். டோம் என்று பெயர். நடுவில் தூண் கிடையாது. பிள்ளையோடு ஒரு பெரியவரும் வர வேண்டும் என்று நோட்டீசில் போட்டிருந்தது. ஜெ.க்கு ஜவுளிக்கடையில் லீவு இல்லை. அந்தக் குறைக்கு நான்.

எனக்கு வேறு கணக்கு. ஞாயிறன்று தேவாரத்தில் இரண்டு வீட்டு ஆட்களும் உட்காருகிறார்கள். ஜெ. செல்வத்தோடு திருப்பூர் போகிறாள், பனியன் கம்பெனி வேலைக்கு. பாப்பா யாரோடு என்று பாப்பாவையே கேட்பதாகப் பேச்சு. இந்த நாலு நாளும் நான் ஒழுங்காக நடந்துகொண்டால் என் பக்கம் சொல்வாள். சொல்ல வேண்டும். அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை.

நடத்துவது மதுரையிலிருந்து வந்த கவிதா டீச்சர். சின்ன வயசு, பெரிய தொப்பி. முதல் சட்டமே வினோதம். படத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சொல்ல வேண்டும், பெரியவர்கள் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். எதிர்க்கேள்வி கூடாது. கூட்டத்தில் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

இன்று பழைய பேப்பரைச் சுருட்டிச் சின்ன மாதிரி செய்ததோடு சரி. பக்கத்தில் எங்கள் உத்தமபாளையம் காதர் பாயும் அவர் மகள் ஆயிஷாவும். அவள் விரட்டுகிறாள்: "அத்தா, பேசாம புடிங்க. நீங்க பேசப் பேசக் கோணுது." பாய் வாயைப் பொத்திக்கொண்டு பிடிக்கிறார்.

பாப்பா என்னை விரட்டவில்லை. "இதக் கொஞ்சம் புடிக்கிறீகளாப்பா" என்று, அடுத்த வீட்டில் சர்க்கரை கேட்கிற மாதிரி கேட்டாள். பெற்ற பிள்ளை.

நாளைக்கு: ட்ரில்லிங் மெஷின், ஸ்பேனர் செட், பாப்பாவுக்குத் தொப்பி, பால்.

17-5, வியாழன்

மேற்கே மலை மேல் மேகம். இங்கே ஒரு துளி இல்லை.

பைப் வேலை. இன்று என் ராஜ்ஜியம். வெட்டி, முனையைத் தட்டிச் சப்பையாக்கி, துளை போட்டு அடுக்கினேன். நீளத்துக்குச் சிவப்பு பெயிண்ட், குட்டைக்கு நீலம். மற்றவர்கள் சுத்தியலால் விரலை நசுக்கிக்கொண்டிருந்தபோது எங்கள் கட்டு முடிந்தே போனது. "முருகேசு, ஒனக்கு மோட்டார் ரிப்பேர்லாம் வீணுய்யா" என்றார் பாய். பாப்பா முகத்தில் ஒரு பெருமை. பார்த்தேன்.

ஒரு நீலத்தைச் சிவப்புக் கட்டில் போட்டுவிட்டேன். "அப்பா, கண்ணு தெரியலையா, அது நீலம்" என்றாள். சொன்ன கையோடு திக்கென்று என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அப்புறம் அவளும். அவள் என் எதிரில் சிரித்து எவ்வளவு நாள் ஆச்சு. வண்டியில் திரும்பும்போது தானாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், நல்லவேளை பின்னால் இருந்தாள்.

வழியில்: "திருப்பூர் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரூம் இருக்காம்ப்பா."
"யாரு சொன்னா?"
"மாமா."
இங்கேயே கம்ப்யூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன். வாங்குவேனா தெரியாது. சொல்லியாச்சு.

சின்னமனூர் பார்ட்டி போன் மேல் போன். மோட்டார் எரிந்துவிட்டதாம், தென்னை காய்கிறதாம். ஞாயிறு கழியட்டும் என்றேன். கத்தினான். நான் கத்தவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன், கத்தவில்லை.

ஜெ. மேல் கை வைத்தது உண்மை. அதற்கு முன்னால் அவள் பேசிய பேச்சை எவனும் கேட்கவில்லை. பாப்பா மேல் என் விரல் பட்டதில்லை. ஞாயிறன்று எல்லார் முன்னாலும் இதைச் சொல்வேன்.

18-5, வெள்ளி

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

காலையில் பூட்ட ஆரம்பித்தோம். டீச்சர் தெளிவாகத்தான் சொன்னாள்: "யாரும் நட்டை டைட் வைக்காதீங்க சார். கையால முறுக்குனா போதும். கடைசிப் பைப் ஏறுன பிறகுதான் ஸ்பேனர்." காது கேட்டது, கை கேட்கவில்லை. போர் குழிக்குள் மோட்டார் இறக்குகிறவன் நான். ஒரு நட்டு லூசாக இருந்தால் பைப்போடு மோட்டாரும் பாதாளத்துக்குப் போய்விடும். நட்டைத் தொட்டால் முறுக்குதான், வேறு பழக்கம் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு உச்சிக்கு வந்தோம். கடைசிப் பைப் ஏறவில்லை. துளைக்கும் துளைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. தள்ளினேன், தொங்கினேன், சுத்தியலால் ஒரு போடு போட்டேன். அசையவில்லை. மேலே ஏறலாம் என்று காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்க்கிறார்கள். படத்தில் அளவு தப்பு என்றேன்.

பாப்பா படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ரொம்ப மெதுவாக: "அளவு சரிதாம்ப்பா. நீங்கதான் டைட் வச்சுட்டீக. டீச்சர் கையால போதும்னாக."

சட்டப்படி அவள் சொன்னது சரி. ஆனால் பாய் நிற்கிறார், டீச்சர் நிற்கிறாள், அத்தனை பேர் நிற்கிறார்கள். "எனக்கே சொல்லித் தர்றியா நீ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். உடனே அடக்கிக்கொண்டேன். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினேன். கையில் ஸ்பேனர் இருந்தது. சத்தியமாகத் துடைக்கத்தான்.

பாப்பா பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். தலையை முழங்காலுக்குள் நுழைத்து, இடது கை பிடரியில், வலது கை காதில். அழவில்லை, சத்தமே இல்லை. அடுத்து வருவதற்குக் காத்துக்கொண்டு இருந்தாள்.

பாய் வந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். "குடு முருகேசு. போயித் தண்ணி குடிச்சுட்டு வா."

விரல் படாத பிள்ளை அப்படி உட்கார எங்கே படித்தாள்? குழாயடியில் நிற்கும்போதுதான் உறைத்தது. ஜெ. உட்காருவது அப்படித்தான். அடுப்படிச் சுவரோரம், இடது கை பிடரியில், வலது கை காதில். பாப்பா தூங்குகிறாள் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன்.

சீ.

19-5, சனி

புழுக்கம். பல்வலி வேறு.

எங்கள் பக்கத்து நட்டையெல்லாம் நானே லூஸ் பண்ணினேன். பாப்பா தள்ளி ஆயிஷாவோடு நின்றாள். எல்லாம் லூசான பிறகு டீச்சர் கடைசிப் பைப்பை ஒரு விரலால் தள்ளினாள். போய் உட்கார்ந்துகொண்டது. கைதட்டல். அப்புறம் எல்லாரும் சேர்ந்து டைட்.

பிள்ளைகள் ஏறினார்கள். ஆடவே இல்லை, நல்ல வேலைப்பாடு. பாப்பா உச்சிக்குப் போய்விட்டாள். "பாத்து" என்றேன், வேறொன்றும் இல்லை. குனிந்து பார்த்து, "எறங்கட்டாப்பா?" என்றாள். இரு இரு, விளையாடு என்றேன். அதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டாள்.

தேவாரத்தில் கொண்டுபோய் விட்டேன். நாளைக்கு என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவன், பண்ணைப்புரம் தாண்டியதும் கேட்டுவிட்டேன். காற்றில் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

அம்மாவோடு போகட்டும் என்று நானே சொல்லிவிட்டால் என்ன? நல்ல மனுஷன் என்று நாலு பேர் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போவார்கள். நானும் போக வேண்டுமே, அந்த வீட்டுக்கு.

20-5, ஞாயிறு

ஜெ. வீட்டு முன்னறை. என் அண்ணன், செல்வம், இரண்டு பக்கமும் மதிக்கிற ஒரு பெரியவர். ஃபேன் சத்தம். கலர் சோடா வாங்கி வைத்திருந்தார்கள், யாரும் தொடவில்லை.

பிள்ளை மேல் விரல் பட்டதில்லை என்று சொல்ல வைத்திருந்தேன். வாய் எழவில்லை.

பெரியவர் பாப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "ஆத்தா, பயப்படாமச் சொல்லு. யாருகிட்ட இருக்கே?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "அப்பாகிட்ட."

ஜெ. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். செல்வம் எழுந்துவிட்டான். "ஒன்னைய யாரும் மெரட்டுனாகளா பாப்பா?" "இல்ல மாமா." அண்ணன் என் முதுகில் தட்டினார். எனக்குள் ஜெயித்துவிட்டோம் என்று ஒரு துள்ளல். மறைப்பானேன், துள்ளல்தான்.

பையை எடுக்க பாப்பாவும் ஜெ.யும் பின்பக்கம் போனார்கள். நேரமாகிறதே என்று கூப்பிடப் போனேன். தண்ணித் தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள்.

"ஏண்டி இப்படிச் சொன்னே? அம்மா ஒனக்கு என்ன கொற வச்சேன்?"

"நீ போம்மா. நான் அங்கன இருந்தா அவுக ஒன்னையத் தேடி வரமாட்டாக."

செருப்புச் சத்தம் கேட்காமல் திரும்பி வந்தேன். முன்னறையில் பெரியவர் இன்னும் உட்கார்ந்திருந்தார். சொல்லியிருக்கலாம். வண்டியை எடுத்து ஹாரன் அடித்தேன். பாப்பா வந்து ஏறிக்கொண்டாள்.

21-5, திங்கள்

நல்ல மழை. கிளட்ச் கேபிள் மாற்றியாச்சு. சின்னமனூர் பார்ட்டி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டானாம்.

ஜெ.யும் செல்வமும் புதன்கிழமைதான் பஸ் ஏறுகிறார்கள். காலையிலிருந்து அதே நினைப்பு: கொண்டுபோய் விட்டுவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது. வண்டிச் சாவியை எடுத்தேன். மழை என்று வைத்துவிட்டேன். மழை விட்டது. எடுக்கவில்லை.

மத்தியானம் பாப்பா சோறு பொங்கி ரசம் வைத்தாள். நான் கேட்கவில்லை, அவளாக. தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்தாள். ரசத்தில் உப்பே இல்லை. நல்லா இருக்கு என்றேன். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். நீயும் உட்காரு என்றேன்.

"அப்பறமா சாப்புடுறேம்ப்பா."

கை கழுவி, செருப்பு மாட்டி, வாசல் கேட்டைச் சாத்தினேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உள்ளே அவள் தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது.