களியை மென்ற கண்டக்டர்

ஜனவரி 6, திங்கள்

இன்று முதல் எனக்கு வண்டி இல்லை. காலையிலேயே முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலையாம். எங்கள் கம்பெனி வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று நாற்காலியில் உட்கார்ந்து எழுத வேண்டும். சம்பளம் அதேதான். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல்.

எல்லாம் வெள்ளிக்கிழமை நடந்த கூத்தால் வந்தது. வழக்கமாக நான் பின்படியை விட்டு நகர மாட்டேன். முன்னால் இருப்பவர்கள் காசைக் கை மாற்றி அனுப்புவார்கள், டிக்கெட்டும் அப்படியே கை மாறிப் போகும். "கண்டக்டரு வரமாட்டாரு, குடுத்தனுப்பு" என்று பென்னாகரம் ரூட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அன்றைக்கு இண்டூர் தாண்டி முன்பக்கம் ஏதோ தகராறு. ரோஷம் வந்து நானே போனேன். சீட்டுக் கம்பிக்கும் ஒரு அம்மாளின் தக்காளிக் கூடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. வண்டியை நிறுத்தி, ஆட்களை இறக்கி, டிரைவர் அர்ச்சுனன் வந்து கையைப் பிடித்து இழுத்தான். யாரோ அதை செல்போனில் எடுத்திருக்கிறார்கள். அது முதலாளி வரைக்கும் போய்விட்டது.

பதினெட்டு வருஷம் விசில் ஊதியவன் நான். இப்போது நாற்காலி. அதுவும் பிளாஸ்டிக். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஜனவரி 9, வியாழன்

பஸ் ஸ்டாண்டுக்குக் கவிப்பிரியா வந்தது. இண்டூரிலிருந்து பென்னாகரம் பேங்குக்கு என் வண்டியில் போய்வந்த பெண். வயசு முப்பதுகூட இருக்காது. முன்னெல்லாம் நல்ல கனம். இரண்டு பேர் சீட்டில் தனியாகத்தான் உட்காரும், பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். இப்போது ஆளே வேறு. நடந்து இளைத்தது என்று நினைத்திருந்தேன்.

"வீடியோ பாத்தேங்ண்ணா" என்றது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அது சிரிக்கவில்லை. "நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். எரப்பையில முக்காவாசிய எடுத்துட்டாங்க. மிச்சம் ஒரு வாழப்பழம் அளவு. யாருக்கும் சொன்னதில்ல. உங்களுக்குச் சொல்றேன்."

"அப்பறம் சோறே வேணாமா?" என்று கேட்டேன்.

"வயித்த டாக்டரு மாத்துவாரு. வாயையும் கையையும் நீங்கதான் மாத்தணும். அதுதாங்ண்ணா கஷ்டம்."

வாயையும் கையையுமா? கண்டக்டருக்கு வேறு என்ன இருக்கிறது?

ஜனவரி 18, சனி

சேலத்து ஆஸ்பத்திரிக்கு நானும் வீட்டுக்காரி செல்லியும் போய் வந்தோம். சர்க்கரை, பிரஷர், தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருவது, எல்லாவற்றையும் டாக்டர் பார்த்தார். ஆபரேஷன் செய்யலாம் என்றார். செலவுக்கு வழி செய்தாயிற்று. அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. எடையையும் எழுத மாட்டேன். வேண்டியவர்கள் மெஷினைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்ததும் செல்லி, "நல்லா இருக்கற வயித்த எதுக்குங்க அறுக்கணும்?" என்று அழுதாள். நல்லா இருக்கிறதா? மாடிப்படி ஏறினால் எனக்கு நாக்கு தள்ளுகிறது என்று அவளுக்குத் தெரியாதா?

முதலாளியிடம் லீவு கேட்டேன். தந்தார். கூடவே ஒன்று சொன்னார்: "ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் வண்டியெல்லாம் நெறஞ்சு போவும். அன்னிக்கு முன்படியில ஏறி, டிக்கெட் போட்டுக்கிட்டே பின்படிக்கு வந்து காட்டு மாதேஷு. லைன் உன்னுது, மறுபடியும் வண்டியில ஏறிக்க. இல்லீன்னா நாற்காலிதான், என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

சரி என்றேன். நானும் ஒரு ஆம்பிளைதானே.

பிப்ரவரி 2, ஞாயிறு

கவிப்பிரியா போனிலேயே டிரெயினிங் கொடுக்கிறது. நான் பதினான்கு வயசு மூத்தவன் என்பதெல்லாம் அதற்கு ஒரு கணக்கே இல்லை. சிகரெட்டை நிறுத்தச் சொன்னது, நிறுத்தினேன். நடக்கச் சொன்னது, நடக்கிறேன். இன்றைக்குப் புதுசாக ஒன்று: "சொம்ப அண்ணாந்து ஊத்திக் குடிக்கறத விடுங்க. ஆபரேஷனுக்கு அப்பறம் மடக்கு மடக்குன்னு குடிக்க முடியாது, காத்தும் சேந்து உள்ள போயி வலிக்கும். டம்ளர வாய் வெச்சு, துளித்துளியா குடிக்கணும். இப்பவே பழகுங்க."

வாய் வைத்துக் குடித்தேன். செல்லி பார்த்துவிட்டு, "இதென்னங்க, சின்னப்புள்ள கணக்கா எச்சி பண்ணிக்கிட்டு" என்றாள். பிறகு ஒரு டம்ளரின் அடியில் ஆணியால் கீறி அடையாளம் வைத்து, எனக்கென்று தனியாக வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

செல்லியின் அண்ணன் மகளுக்குக் காது குத்து. கெடா வெட்டிப் பந்தல் போட்டு விருந்து. எனக்கோ ஆபரேஷனுக்கு முன்னால் கல்லீரல் சுருங்க வேண்டும் என்று வெறும் நீராகாரம். பந்தியில் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். மச்சான் ஒரு எலும்பை எடுத்து என் மூக்குக்கு நேராகக் காட்டி, "கடைசியா ஒரு தடவை மாப்ள, யாரு பாக்கப் போறா?" என்றான்.

நான் பார்ப்பேனே. மோரைக் குடித்துவிட்டு எழுந்து போய் மொய் எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். குழம்பு வாசம் அங்கேயும் வந்தது. பாவிகள், நல்ல பதமாகத்தான் வேகவைத்திருந்தார்கள். ஆனாலும் தொடவில்லை. இன்றைக்கு என்னைப் பற்றி எனக்கே ரொம்பத் திருப்தி.

பிப்ரவரி 17, திங்கள்

நாளைக்கு. பயமாக இருக்கிறது, எழுதினால் என்ன.

பிப்ரவரி 20, வியாழன்

இருக்கிறேன். வயிற்றில் சின்னச் சின்னதாக ஐந்து ஓட்டை. தோள்பட்டைதான் குத்துகிறது. ஆபரேஷனுக்கு உள்ளே ஏற்றிய காற்றாம், நடந்தால் போய்விடும் என்று கவிப்பிரியா முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. வார்டில் நடந்துகொண்டே இருக்கிறேன். நர்ஸ் பிள்ளைகள், "போதும் சார், படுங்க" என்கிறார்கள். குழாயில் மூச்சை இழுத்து மூன்று உருண்டைகளைத் தூக்கும் பயிற்சியில் நான்தான் வார்டிலேயே முதல். விசில் ஊதிய நுரையீரல், சும்மாவா?

மார்ச் 2, ஞாயிறு

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சொம்போடு வருகிறார்கள். ஆட்டுக்கால் சூப்பு, நாட்டுக்கோழி ரசம். மேலே எண்ணெய் விரல் கனத்துக்கு மிதக்கிறது. "ஒடம்பு பாதியா போச்சே" என்று அழுகை வேறு. பாதியாகத்தானே அம்மா அறுத்துக்கொண்டேன்!

ஆபரேஷன் வேண்டாம் என்று அழுத செல்லிதான் இப்போது வாசலில் காவல். சொம்பை அங்கேயே வாங்கி வைத்துக்கொண்டு, "குடிச்சிட்டாருங்க, நல்லா இருந்துச்சாம்" என்று முகம் மாறாமல் சொல்கிறாள். எனக்கு மணிக்கணக்கில் துளித்துளியாகத் தண்ணீர், பருப்புத் தண்ணி, புரோட்டீன் மாவு. சூப்பெல்லாம் அவள்தான் குடிக்கிறாள். அவள் கன்னம் மினுமினுக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

செத்துப் பொழைச்சேன்.

மெத்தென்று இருப்பதையெல்லாம் சாப்பிடலாம், நன்றாக மென்று கூழாக்கி விழுங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பத்து நாளாக இட்லி, முட்டை, மீன் எல்லாம் பல் வலிக்க மென்றுதான் தின்கிறேன். இன்றைக்கு செல்லி கேழ்வரகுக் களி கிண்டியிருந்தாள், கீரைக் கடைசலோடு. களியை விட மெத்தென்றது உலகத்தில் எது இருக்கிறது? ஒரு சின்ன உருண்டைதானே என்று கிள்ளி, கடைசலில் தோய்த்து வாயில் போட்டேன். போட்டதுதான் தெரியும், உள்ளே போய்விட்டது.

களிய எவன் மென்னு திங்கறான்? எங்கப்பன் மென்னாரா, அவங்கப்பன் மென்னாரா? உருட்டறோம், முழுங்கறோம். நாக்குக்கு வேலையே கெடையாது. பழக்கம், கையும் தொண்டையும் அதுங்க பாட்டுக்குப் பண்ணிருச்சு.

நெஞ்சில் கல் விழுந்த மாதிரி நின்றது. வாயெல்லாம் நுரை. செல்லி சொம்போடு ஓடி வந்தாள், தண்ணீர் குடித்துத் தள்ளுங்கள் என்று. நல்ல வேளை, அதற்குள் கவிப்பிரியாவுக்குப் போன் போட்டிருந்தாள். ஸ்பீக்கரில் அந்தப் பெண் கத்தியது: "தண்ணி குடுக்காதீங்கக்கா! நிமிந்து நடக்கச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கு உடனே போன் பண்ணுங்க, நான் சொல்றது மட்டும் பத்தாது."

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்கள். சரியாகவில்லை என்றால் உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். வீட்டுக்குள்ளேயே நடந்தேன். செல்லி முதுகைத் தடவிக்கொண்டே கூட நடந்தாள். கடைசியில் உருண்டை முழுசாக மேலே வந்தது. முழுசாக! கொஞ்சமும் கரையவில்லை.

கவிப்பிரியா பிறகு கேட்டது, "மென்னு சாப்பிடுங்கன்னு சொன்னேனா இல்லியா?"

"களிகூடவா?"

"எனக்கே தோணலங்ண்ணா. நான் கூழோட நிறுத்திக்கிட்டேன், களிப் பக்கமே போகல."

ஏப்ரல் 7, திங்கள்

சேலத்தில் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் கெடவில்லை. இரண்டு நாள் நீராகாரம். டாக்டரிடம் களி விழுங்குவதைக் கையால் செய்து காட்டினேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான்.

ஏப்ரல் 26, சனி

எடை நகரவே இல்லை. மெஷின் பழுதா, நான் பழுதா? எல்லோருக்கும் இடையில் இப்படி நிற்கும் என்கிறது கவிப்பிரியா. என்னை எல்லோரோடும் சேர்க்காதே என்று சொல்லிவிட்டேன்.

மே 11, ஞாயிறு

இன்றைக்குக் களி தின்றேன். வேண்டுமென்றே. டாக்டரைக் கேட்டுக்கொண்டுதான்.

மிளகு அளவுக்குக் கிள்ளி வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றேன். தொண்டை பழைய ஞாபகத்தில் இழுத்தது. விடவில்லை. பல்லில் ஒட்டியது, மேலண்ணத்தில் அப்பியது. மென்றேன். செல்லி எதிரில் உட்கார்ந்து என் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

களிக்கு ஒரு இனிப்பு இருக்கிறது. மண் வாசம் கொஞ்சம், கடைசியில் லேசாக இனிப்பு. நாற்பத்து மூன்று வயசு, பிறந்ததிலிருந்து தின்கிறேன், இன்றைக்குத்தான் தெரிந்தது. செல்லியிடம் சொன்னேன். நம்பவில்லை. அவளும் ஒரு கிள்ளு எடுத்து மென்றுவிட்டு, "ஆமாங்க" என்றாள். பிறகு மிச்சத்தைப் பழையபடி முழுங்கினாள். அவளுக்கென்ன, வயிறு முழுசாக இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

தலைமுடி கொட்டுகிறது. கவிப்பிரியா முன்னமே எச்சரித்திருந்தது, புரோட்டீனையும் மாத்திரையையும் விடக்கூடாது, திரும்ப முளைக்கும் என்று. என் தலையில் கொட்டுவதற்கு இருந்ததே பெரிய விஷயம்.

பழைய பெல்ட் இடுப்பில் ஒன்றரைச் சுற்று வருகிறது. பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் அர்ச்சுனன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து இன்னொரு நாற்காலியை எடுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒரு டீ வாங்கிக் கொடுத்தான், சர்க்கரை இல்லாமல்.

ஜூலை 14, திங்கள்

கவிப்பிரியா என் நம்பரை ஒருவருக்குக் கொடுத்திருக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டியில் ஓட்டல் வைத்திருக்கும் குப்புராஜ். அடுத்த மாதம் அவருக்கு ஆபரேஷன். "பயமா இருக்குதுங்ண்ணா, நீங்க தைரியமா இருந்தீங்களா?" என்றார்.

"இல்லீங்க. முந்தின நாளு டைரியிலயே எழுதி வெச்சிருக்கறேன்" என்றேன். அவர் சிரித்தார். பிறகு நன்றாகப் பேசினார். சிகரெட்டை விடச் சொன்னேன். இப்போதிருந்தே டம்ளரை வாய் வைத்துக் குடிக்கச் சொன்னேன். தோள்பட்டை வலிக்கும், நடந்தால் போகும் என்றேன். எதுவானாலும் முதலில் டாக்டரைக் கேளுங்கள், நான் கண்டக்டர்தான் என்றும் சொன்னேன்.

"உங்க வூட்ல களி உண்டுங்களா?"

"தெனம் ராத்திரி களிதானுங்களே."

"அப்ப பேனா எடுத்துக்கிட்டு வந்து குந்துங்க" என்றேன்.

போனை வைத்த பிறகு கவிப்பிரியாவிடமிருந்து மெசேஜ்: புதிதாகக் கேட்பவர்களுக்குச் சொல்கிற என் பட்டியலிலும் களியைச் சேர்த்துவிட்டேன் அண்ணா. எனக்குப் பெருமை தாங்கவில்லை, செல்லியிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன்.

ஆகஸ்ட் 2, சனி

காக்கிச் சட்டையைத் தைக்கக் கொடுத்து வாங்கியாயிற்று. விசில் பீரோவிலேயே இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

காலையில் பஸ் ஸ்டாண்டில் முதலாளி நின்றுகொண்டிருந்தார். ஒகேனக்கல் வண்டியில் கால் வைக்க இடமில்லை. தலைக்குக் குளிக்கப் போகிறவர்கள், எண்ணெய்ப் பாட்டில், துணி மூட்டை, குழந்தைகள். அர்ச்சுனன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் முதலாளியைப் பார்த்தேன். முன்படியில் ஏறினேன்.

இண்டூர் வருவதற்குள் பாதி வண்டி டிக்கெட் போட்டுவிட்டேன். பக்கவாட்டில் திரும்பினால் போதும், வழி கிடைக்கிறது. ஜனவரியில் மாட்டிய அதே கம்பி. அதைத் தாண்டும்போது நின்று ஒரு தட்டு தட்டினேன். ஒரு சீட்டில் கவிப்பிரியா, தருமபுரியிலேயே ஏறி இடம் பிடித்து, அதன் அம்மாவோடு. டிக்கெட் வாங்கும்போது என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. கண் கலங்கியிருந்தது. எனக்கும் மூக்கு அடைத்தது. ஆனால் டிக்கெட் நேரம் அது.

பின்படிக்குக் கொஞ்சம் முன்னால் வேட்டி கட்டிய ஒரு பெரியவர், பழைய ஆள், எத்தனையோ வருஷமாக என் வண்டியில் வருகிறவர். கம்பியைப் பிடித்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், நோட்டைத் தோளுக்கு மேலே நீட்டினார்.

"ஒகேனக்கல் ஒண்ணு. கண்டக்டருக்குக் குடுத்தனுப்புப்பா, அவரு வரமாட்டாரு."

"குடுங்க" என்று வாங்கினேன்.

திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "புது கண்டக்டராப்பா? பழைய ஆளு எங்க?"

"அவரு எறங்கிட்டாருங்க" என்றேன்.

டிக்கெட்டை நானே அவர் கையில் கொடுத்துவிட்டு, பின்படிக்குப் போய் விசில் ஊதினேன்.